பிள்ளைகளுடன் மலையேறும் ஆசிரியர்

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, விடுமுறை நெருங்கியதும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வருவதுண்டு. நேபாளத்து மலைகளுக்கோ வேறு அயல்நாட்டுக்கோ மாணாக்கரை அழைத்துச் செல்லவிருப்பதாகவும், பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்புதல் வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கும். கட்டணம் எவ்வளவு, கம்பளிச் சட்டை எத்தனை என்று நாம் கேட்கிறோம். உடன் செல்லும் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த இடத்தில் ‘போதும், திரும்புவோம்’ என்று சொல்லக்கூடியவர்கள் என்பதைக் கேட்போர் நம்மில் மிகச் சிலரே. சொந்த ஊராயின் ஓர் ஆசிரியரின் குணத்தை நாலு பேரிடம் விசாரித்து அறிந்துவிடலாம். குடியேறிய நகரத்திலோ பெரும்பாலும் அவருடைய கையெழுத்தை மட்டுமே நாம் அறிவோம்.

இக்கேள்வியின் கனத்தை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 1936-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நடைபெற்றது. தென் லண்டனிலிருந்த ஸ்டிராண்டு பள்ளியின் மாணவர் 27 பேர், கென்னத் கீஸ்ட் என்னும் ஆசிரியருடன் அந்நாட்டின் கருங்காட்டு மலைப் பகுதிக்கு நடைப் பயணமாகச் சென்றனர். மாணவர்களின் வயது 12 முதல் 17 வரை; ஆசிரியரின் வயதும் 27 தான். ஏப்ரல் 17-ஆம் நாள் காலையில் அவர்கள் பிரைபர்க் நகரை விட்டுப் புறப்பட்டனர். 1,284 மீட்டர் உயரமுள்ள ஷாவின்ஸ்லாண்டு மலையைத் தாண்டி, அன்றிரவு டோட்னாவ்பெர்க் என்னும் ஊரை அடைவது திட்டம்.

பனி பெய்துகொண்டிருந்தது. பிள்ளைகளிற் பலர் அரைக்கால் சட்டை அணிந்திருந்தனர். கையில் இருந்த உணவும் சொற்பம். ஆசிரியரிடம் இருந்த நிலப்படமும் விவரம் குறைந்தது. வழியில் ஒரு விடுதிக்காரப் பெண்மணி, பாதையெல்லாம் பனியில் மறைந்திருக்கும் என்று எச்சரித்தார். மரம் வெட்டும் தொழிலாளரும் தபால்காரரும் எதிர்ப்பட்டுத் தடுத்துச் சொன்னார்கள். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் சொல் அது. ஆயினும் பயணம் நிற்கவில்லை. பிற்பகலில் பனி முழங்காலுக்கு மேல் ஏறிற்று, பாதை அற்றுப்போயிற்று. சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சோர்ந்து விழ, மூத்த மாணவர்கள் அவர்களைத் தாங்கியும் சுமந்தும் நடந்தனர்.

இருட்டும் வேளையில் எங்கிருந்தோ ஒரு தேவாலயத்தின் மணியோசை கேட்டது. அது ஹோப்ஸ்குருண்டு என்னும் சிற்றூரின் மணி. அவ்வோசையைப் பற்றிக்கொண்டு முன்னே சென்ற சிலர் ஒரு குடியானவர் வீட்டுக் கதவைத் தட்டினர். செய்தி கேட்ட மாத்திரத்தில் ஊரார் சறுக்குவண்டிகளோடு புயலுக்குள் இறங்கி, கிடந்தவர்களைத் தேடி எடுத்து வந்தார்கள். அவ்வூரார் அன்று வராதிருந்தால் மாண்டோர் தொகை எவ்வளவாகியிருக்கும் என்று எண்ணவும் நெஞ்சு நடுங்குகிறது. அவ்வளவு முயன்றும் ஐந்து சிறுவர்கள் பிழைக்கவில்லை. ஐவரும் 12 முதல் 14 வயதிற்கு உட்பட்டவர்கள்.

பின்னர் நடந்தது வேறு விதமான கதை. ஹிட்லரின் அரசாங்கம் இத்துயரத்தைத் தன் விளம்பரத்திற்குப் பயன்படுத்திக்கொண்டது. சவப்பெட்டிகளுக்கு இளைஞர் இயக்கத்தாரின் அணிவகுப்பு மரியாதை நடைபெற்றது. 1938-இல் அம்மலையில் ஒரு நினைவுச் சின்னமும் எழும்பிற்று. மீட்ட ஊராரின் பெயர் பின்னுக்குப் போயிற்று. ஆசிரியர்மீது வழக்கு எதுவும் நடைபெறவில்லை. மகனை இழந்த தந்தை ஒருவர் தாமே ஜெர்மனிக்குச் சென்று, ஊராரை விசாரித்து, ஆசிரியரே பொறுப்பாளி என்ற முடிவுக்கு வந்தார்.

கீஸ்டைக் கொடியவர் என்று சொல்வது எளிது. நாம் அவ்வாறு எண்ணவில்லை. இரவு தங்கும் இடம் முன்கூட்டியே குறித்தாகிவிட்டது; பிள்ளைகளோ ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே நடப்பவர்கள்; அயல்நாட்டில் தயங்கி நின்றால் மதிப்புக் குறையுமோ என்ற எண்ணம் எவருக்கும் வரலாம். இவை அனைத்தும் நம் ஊர் ஆசிரியருக்கும் உள்ளவையே. நம் கண்ணுக்குப் பெருங்குறையாகப் படுவது வேறு: 27 பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவரே இருந்தார். வரிசையின் முன்னே வழி காண்பவரும், பின்னே தளர்ந்தவனைத் தூக்குபவரும் ஒருவராக இருத்தல் எங்ஙனம் இயலும்? ஒரு பிள்ளைக்காகத் திரும்ப வேண்டுமானால் அனைவரும் திரும்ப வேண்டும். அதனாலேயே திரும்பும் எண்ணம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

இக்காலத்தில் நம் பிள்ளைகள் செல்லும் இமயத்தில் பனியோடு உயரமும் ஒரு பகை. நேபாளத்தில் எவரெஸ்டு வழியிலுள்ள லுக்லா விமானத்தளமே ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் உள்ளது; அடுத்த பெரிய ஊராகிய நாம்சே ஏறத்தாழ 3,400 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேற்சென்றபின், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்றும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றும் மருத்துவர்கள் கூறுகின்றனர். நாம்சேயில் ஒரு நாள் அதிகமாகத் தங்குவது மலையேறுவோரின் வழக்கம். தலைவலியும் குமட்டலும் கண்ட பிள்ளையை மேலும் ஏற விடலாகாது. நிலைமை மோசமானால் அன்றே, இரவானாலும், கீழே இறக்க வேண்டும். பிள்ளையோ, தோழர்கள் நகைப்பார்களே என்று நோயை மறைக்கும். இதையறிந்து, காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கும் ஆசிரியரே உடன் செல்லத் தக்கவர்.

இறங்கும் பிள்ளையுடன் ஓர் ஆசிரியர் இறங்க வேண்டும். மேலே நிற்கும் பிள்ளைகளுடன் மற்றோர் ஆசிரியர் நிற்க வேண்டும். பள்ளியிலிருந்து வரும் தாளில் ஒரே ஒரு பெயர் இருக்குமாயின், இரண்டாம் ஆசிரியர் யார் என்று அதன் ஓரத்திலேயே எழுதிக் கேட்டு, விடை வந்த பின்னர் நாம் கையொப்பமிடலாம்.