ஒரு சொல், இரு பக்கங்கள்



ஆங்கிலத்தில் ‘கர்ட்டன்’ என்பது எளிய சொல். சன்னலில் தொங்கும் துணியைக் குறிப்பதென்று யாவரும் அறிவர். அதனைத் ‘திரை’ என்று பெயர்த்துவிட்டு மேலே செல்வது மொழிபெயர்ப்பாளர் வழக்கம். அவ்வாறு செல்கையில், சில வேளைகளில் மூலத்தின் பொருளே தலைகீழாகி விடுகின்றது.

இலத்தீனின் ‘கொர்த்தினா’ பழைய பிரெஞ்சு மொழியின் வழியே ஆங்கிலத்தை அடைந்தது. இலத்தீன் விவிலியத்தில் யாத்திராகமம் விவரிக்கும் திருக்கூடாரத்தின் தொங்குதிரைகளுக்கு அதுவே பெயர். இடைக்கால இங்கிலாந்தில் கட்டிலைச் சூழ்ந்த திரையையும் இச்சொல் குறித்தது. அத்திரைக்குள் மனைவி கணவனை இடித்துரைப்பதே ‘கர்ட்டன் லெக்சர்’. 1845-இல் ‘பஞ்ச்’ இதழில் டக்ளஸ் ஜெரல்டு எழுதிய நகைச்சுவைத் தொடர் இதனைப் பெரிதும் பரப்பிற்று. இதற்குத் ‘தலையணை மந்திரம்’ என எழுதத் தோன்றும். ஆயின் மந்திரம் கணவனை வசப்படுத்துவது. லெக்சரோ அவனை உறங்கவிடாதது. கட்டில் ஒன்றே; குரல் வேறு.

போரியலில் இச்சொல் துணியன்று, கல். கோட்டையின் இரு கொத்தளங்களை இணைக்கும் மதிற்பகுதிக்கு இதுவே பெயர். இன்றைய உயர்கட்டடங்களின் பாரம் தாங்காத கண்ணாடிப் புறச்சுவரும் இப்பெயரே பெறுகின்றது. லண்டன் ஷோர்டிச்சில் 1577-இல் எழுந்த ‘கர்ட்டன்’ நாடக அரங்கின் பெயர் மேடைத் திரையால் வந்ததன்று. அது நின்ற நிலத்தின் பெயரால் வந்தது.

மேடைத் திரை வழக்குக்கு வந்தபின் சொல்லின் ஆட்சி விரிந்தது. முதன்மை நாடகத்திற்கு முன் நிகழும் சிறு நாடகம் ‘கர்ட்டன் ரெய்சர்’. ஆட்டம் முடிந்தபின் கலைஞர் மீண்டும் தோன்றிக் கைத்தட்டலை ஏற்பது ‘கர்ட்டன் கால்’. பன்மையில் நின்றால் இச்சொல் அழிவையும் சுட்டும். துப்பறிவாளர் புவாரோவின் இறுதி வழக்கைக் கூறும் அகதா கிறிஸ்தியின் 1975-ஆம் ஆண்டு நாவலுக்கு இச்சொல்லே தலைப்பாயிற்று.

1794-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஓர் இரும்புத் திரை அமைந்தது. மேடையில் தீப்பற்றினால் அவையினரைக் காக்க இறக்கப்படுவது அது. 1920-இல் எத்தெல் ஸ்னோடன் தம் ருசியப் பயண நூலில் இத்தொடரை அரசியலுக்கு ஆண்டார். 1946 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் ஃபுல்டன் நகரில் சர்ச்சில் ஆற்றிய உரை அதனை உலகறியச் செய்தது. தமிழின் ‘இரும்புத்திரை’ மறைப்பை மட்டுமே உணர்த்துகின்றது. ஆங்கிலத் தொடரின் அடியிலோ நெருப்பின் அச்சம் உறைகின்றது. தீ எப்பக்கம் என்பது, சொல்பவர் எப்பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

இடர் மிகுந்த இடம் இன்னொன்று உண்டு. ‘டிரா’ என்னும் வினை இச்சொல்லோடு சேர்ந்தால் திரையைத் திறத்தலையும் குறிக்கும், மூடுதலையும் குறிக்கும். விடியலை வரவேற்கும் கை, இறந்தவர் அறையை இருளாக்கும் கை, இரண்டுக்கும் வினை ஒன்றே. சூழலை நோக்காது ‘திரையை மூடினாள்’ என்றெழுதினால் ஒரு கவிதையின் காலைப்பொழுது இரவாகிவிடும்.

தமிழின் ‘திரை’யும் வெறுஞ்சொல் அன்று. அலையும் தோற்சுருக்கமும் அதனுள் உள்ளன. மூலத்தில் இல்லாத கடலும் முதுமையும் அழையாமலே மொழிபெயர்ப்பினுள் நுழையக்கூடும். அவற்றை வரவிடுவதா, விலக்குவதா என்பதைக் கவிஞரே அறிந்து முடிவு செய்தல் வேண்டும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்றனைக் கூறும். ஒரு பக்கமிருந்து வருவது, இரு பக்கமிருந்து வந்து பொருந்துவது, மேலிருந்து இறங்குவது எனத் திரையை அதன் இயக்கத்தால் பெயரிட்ட மரபு அது. மொழிபெயர்ப்பாளர்க்கு அம்மரபே வழிகாட்டி. இத்திரை எப்படி அசைகின்றது, யார் கை அதனை அசைக்கின்றது, படிப்பவர் எப்பக்கம் நிற்கிறார் என்று வினவிய பின்னரே எழுதுகோல் தாளைத் தொடுதல் வேண்டும்.