பந்தயத் தொடரில் சிறந்த குழு எது?



கோவில்பட்டி என்றதும் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் பலருக்கு நினைவு வரும். அதற்குத் தெற்கே, தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை பிரிகின்ற மணியாச்சியைச் சேர்ந்தவன் நான். எங்கள் பக்கத்து மக்களுக்கு அவ்விரண்டோடு ஹாக்கி மட்டையும் சேர்ந்தே நினைவு வரும். மழை குறைந்த இக்கரிசல் சீமையில் அவ்வாட்டம் மட்டும் வறட்சி கண்டதில்லை. அங்கே ஆடும் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள்: "தனி ஆட்டமென்றால் வெல்கிறோம், தொடர் போட்டியென்றால் பாதியிலே திரும்பிவிடுகிறோமே, ஏன்?" அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தனி ஆட்டம் வேறு. தொடர் போட்டி வேறு. ஓர் ஆட்டத்தை வெல்ல, ஒரு நல்ல நாள் வாய்த்தால் போதும். தொடர் போட்டியிலோ ஏழெட்டு நாட்களில் ஒரு கெட்ட நாள் வந்தே தீரும். அந்தக் கெட்ட நாளை எந்தக் குழு குறைந்த சேதத்துடன் கடந்து செல்கிறதோ, அதுவே சிறந்த குழு என்பது என் கருத்து.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தா நகரில் ஆசியக் கோப்பைக்கான ஹாக்கிப் போட்டி நடைபெற்றது. இளைஞர்கள் நிறைந்த இந்தியக் குழுவில் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் இடம்பெற்றிருந்தார்கள். முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி ஒரு கோல் போட்டார். ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தது. மறுநாள் ஜப்பானிடம் 2–5 என்று நம்மவர் தோற்றனர். கெட்ட நாள் வந்துவிட்டது.

பிரிவிலே எஞ்சியது இந்தோனேசியாவுடன் ஓர் ஆட்டமே. பாகிஸ்தான் தன் ஆட்டங்களை முடித்தபோது, அது போட்ட கோல்கள் வாங்கிய கோல்களைவிடப் 12 அதிகம். நம் கணக்கிலோ 3 குறைவு. ஆகவே அடுத்த சுற்றுக்குச் செல்ல 15 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். ஹாக்கி ஆட்டம் 60 நிமிடம். அப்படியானால் நான்கு நிமிடத்துக்கு ஒரு கோல்! நம் இளைஞர்கள் 16–0 என்று வென்றார்கள்.

உலகம் அந்தப் பதினாறு கோல்களைப் புகழ்ந்தது. நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவதோ ஜப்பானிடம் தோற்ற ஆட்டத்தை. அன்று 2–5 என்பதற்குப் பதிலாக 2–7 என்று தோற்றிருந்தால், அந்தப் பதினாறும் போதாமற் போயிருக்கும். கூட்டிக் கழித்துப் பாருங்கள். "தோல்வி உறுதியாகிவிட்டது, இனி எத்தனை கோல் விழுந்தால் என்ன?" என்று தற்காப்பாளர்கள் கை தளர்ந்திருந்தால் பயணம் அன்றே முடிந்திருக்கும். தோற்கின்ற ஆட்டத்தின் கடைசி நிமிடம்வரை ஒழுங்காக ஆடுவதே தொடர் போட்டியின் முதற்பாடம்.

இரண்டாவது பாடம், நேற்றைய தோல்வியை நேற்றோடு விட்டுவிடுதல். அதே ஜப்பானை அடுத்த சுற்றில் 2–1 என்று இந்தியா வென்றது. பின்னர் மலேசியாவோடும் கொரியாவோடும் சமநிலை கண்டு, கோல் கணக்கினாலேயே இறுதி ஆட்ட வாய்ப்பை இழந்தது. கைகொடுத்த அதே கணக்கு இப்போது கைவிட்டது. ஆயினும் சோர்ந்து உட்காராமல், மறுநாள் ஜப்பானை 1–0 என்று வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆஸ்திரேலியாவிடம் 1–7 என்று நொறுங்கிய இந்தியக் குழு, இரண்டே நாளில் ஸ்பெயினை 3–0 என்று வென்று, முடிவில் ஜெர்மனியை 5–4 என்று வீழ்த்திப் பதக்கத்தோடு திரும்பியது. தோல்வியின் காரணத்தை நினைவில் வைத்து, அதன் வலியை மறப்பவர்களுக்கே இது கைகூடும்.

மூன்றாவது பாடம் மாற்று ஆட்டக்காரர்களைப் பற்றியது. கரிசல் மண்ணைப் பாருங்கள். மழை நின்று வாரங்கள் பல ஆன பின்னும், மண்ணுக்குள் தேங்கிய ஈரத்தைக் கொண்டே பருத்திச் செடி நிற்கிறது. மேலே தெரியாத அந்த ஈரம் போன்றவர்கள்தாம் களத்துக்கு வெளியே அமர்ந்திருக்கும் ஆட்டக்காரர்கள். ஹாக்கியில் ஆட்டம் நடக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டிருக்கலாம். பதினொருவரை மட்டும் நம்பும் குழு மூன்றாம் நாள் கால் சோர்ந்து விழும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, எஞ்சிய பதின்மரே 40 நிமிடத்துக்கு மேல் ஈடுகொடுத்து 1–1 என நிறுத்தினர். பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டில் 4–2 என்று வென்றனர். இல்லாதவனுடைய வேலையை இருக்கின்றவன் அறிந்திருந்தமையால் அது இயன்றது. அத்தகைய அறிவு பயிற்சிக் களத்தில், பார்வையாளர் இல்லாத காலை வேளைகளில் வளர்வது.

கல்லூரிக் குழுவில் பெயர் கடைசியில் எழுதப்பட்டிருக்கும் மாணவனுக்கு ஒரு சொல். நீ ஆடாத ஆட்டத்திலும் உனக்குப் பங்கு உண்டு. உன்னோடு தினமும் மோதிப் பழகியதால்தான் முன்வரிசைக்காரன் கூர்மையடைகிறான். அவன் கால் சுளுக்கும் நாள் சொல்லிக்கொண்டு வராது. அன்று குழுவின் தரம் உன் தரமாகவே இருக்கும்.

குழுத்தலைவர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் குழுவை மதிப்பிட விரும்பினால், வென்ற நாளின் ஆரவாரத்தை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். தோற்ற நாளின் மாலையில் உங்கள் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் குறை கூறுகிறார்களா, மறுநாள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். கோப்பை யாருக்கு என்பது பெரும்பாலும் அந்த மாலையிலேயே முடிவாகிவிடுகிறது.