தண்ணீர் நிறுத்திப் பார்த்த கூரை

2024 ஏப்ரல் 16. ஐக்கிய அரபு அமீரகத்தில் 75 ஆண்டுகளில் காணாத மழை. அங்குள்ள ருவைஸ் போன்ற ஊர்களில் கூரை என்பது பெரும்பாலும் தட்டையான கான்கிரீட் மொட்டைமாடி. மழை அரிது, அதனால் விரிசலும் அடைத்த வடிகுழாயும் கண்ணில் படுவதில்லை. ஒழுகினால்தான் தெரியும்.

மழை ஓய்ந்ததும் வாசலில் வந்து நின்று, கூரையைச் சரிசெய்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் அவசரப்படக் கூடாது. வணிக உரிமம் வேண்டும். எழுத்தில் உத்தரவாதம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வேலை முடிந்ததும் தண்ணீர்ச் சோதனை. நம் ஊரில் தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்களே, அதே பாத்திதான். வடிகுழாயை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைத் தேக்கி, கீழே உள்ள அறையில் ஈரம் கசிகிறதா என்று பார்ப்பது. நல்ல ஒப்பந்தக்காரர் இதற்குத் தயங்கமாட்டார். தண்ணீர் கசியாமல் நின்ற பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.