மரியாதை என்னும் சொல்

முதியவர் ஒருவர் ஒழுங்கையிலே நடந்து வருகின்றார். எதிரே சைக்கிளில் வந்த இளைஞன் அவரைக் கண்டதும் இறங்கி ஒதுங்கி நிற்கின்றான். அவர் கடந்து சென்றபின் மீண்டும் ஏறிச் செல்கின்றான். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே நாள்தோறும் காணக்கூடிய காட்சி இது. இளைஞன் ஒன்றும் பேசவில்லை. முதியவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் ஒருவர் கொடுக்க, மற்றவர் பெற்றுக்கொண்டார்.

அதே ஒழுங்கையிலே, அதே காலத்திலே, வேறொரு காட்சியும் நிகழ்ந்தது. நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் சைக்கிளில் வருகின்றார். எதிரே வருபவன் மீசை அரும்பாத சிறுவன். தொழிலாளி இறங்கத்தான் வேண்டும். இறங்காவிடின் அன்று மாலையே அடி விழக்கூடும். அல்லது அடுத்த நாள் வேலை இல்லாமற் போகும். அவர் பிறந்த குலம் அத்தகையது என்று ஊர் தீர்மானித்திருந்தது.

புறத்தே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே செயல். இரண்டையும் ஊரார் ஒரே சொல்லால் மரியாதை என்றே குறித்தனர். இங்கேதான் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

மரியாதை வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். அம்மொழியிலே எல்லை, கரை, வரம்பு என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. வரம்பு என்றால் கமக்காரருக்கு விளக்கம் வேண்டியதில்லை. தன் வயலின் நீர் அடுத்தவன் வயலுக்குட் பாயாது காப்பதும் வரம்புதான்; அடுத்தவனை இப்பால் வரவிடாது தடுப்பதும் வரம்புதான். இளைஞன் தனக்குத் தானே ஒரு வரம்பு இட்டுக்கொண்டான். தொழிலாளியைச் சுற்றியோ பிறர் வரம்பு கட்டி வைத்தனர்.

சால்வையும் இவ்வாறே. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குட் செல்லும் ஆண்கள் யாவரும் மேலாடையைக் களைந்தே செல்கின்றனர். உயர்ந்த உத்தியோகத்தராயினும், அவரது காரை ஓட்டி வந்தவராயினும் அவ்விடத்தில் வேறுபாடில்லை. எல்லோரும் களைவதால் எவரும் குறைந்துபோவதில்லை. ஆனால் முன்னாளில் நிலச்சொந்தக்காரரின் முற்றத்திலே சிலர் மட்டும் தோளிலே துண்டைப் போடக்கூடாது. அதனைக் கக்கத்தில் இடுக்கியோ இடுப்பிற் கட்டியோ நிற்கவேண்டும். பெண்கள் மேலாடை அணிவதற்கும் தடை இருந்தது. இதனையும் மரியாதை என்றழைப்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு அக்காலத்தவர் பலருக்கு இருந்தது.

சொற்களுக்கு வருவோமாயின், யாழ்ப்பாணத் தமிழிலே முன்னிலையில் நிற்பவரைச் சுட்ட நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உள. ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கிலே உயர்த்திச் சொல்லும் முறையேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும். ஆகவே இவ்வழக்கம் மிகப் பழையது. சிங்கள மக்களிடையேயும் இது உண்டு. கண்டி இராச்சியத்திலே ஏறக்குறைய 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலிலே, ஆளின் தராதரத்துக்கேற்ப வழங்கும் முன்னிலைச் சொற்கள் ஏழெட்டு உள என வியந்து எழுதியுள்ளார்.

மூன்று படிகளில் நடுவிலுள்ள 'நீர்' என்பது தனி அழகுடையது. அது பணிவதுமில்லை, தள்ளுவதுமில்லை. ஆசிரியர் மேல்வகுப்பு மாணவனை "நீர் வாசியும்" என்னும்போது, நேற்றுவரை பிள்ளையாயிருந்தவன் இன்று நிமிர்ந்து உட்காருகின்றான். பிரம்பு செய்யாத வேலையை அந்த ஓரெழுத்து செய்துவிடுகின்றது. ஆனால் அறுபது வயதுடைய கள்ளிறக்கும் தொழிலாளியைப் பத்து வயதுச் சிறுவன் "நீ வா" என்பான். அவர் அவனை "நயினார்" என்பார். பெயரிலும் இக்குறைப்பு நிகழ்ந்தது. கந்தையா என்று மகனுக்குப் பெயரிட விரும்பிய தந்தை, பதிவு ஏட்டிலே கந்தன் என்றிருக்கக் கண்டதுண்டு. வள்ளியம்மை வள்ளியானாள். ஐயாவும் அம்மையும் எல்லோருக்கும் உரியனவல்ல என்று பேனா பிடித்தவர் நினைத்தார் போலும்.

பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. ஒரு சாரார் பிள்ளைகள் வாங்கிலே இருக்க, மற்றச் சாரார் பிள்ளைகள் தரையிலே இருந்து எழுதினர். பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் 1924இல் தோன்றித் தீண்டாமையை எதிர்த்தது. அதன் அழைப்பிலே காந்தியடிகள் 1927இல் யாழ்ப்பாணம் வந்தார். 1929-30ஆம் ஆண்டளவில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் அளிக்கப்படவேண்டும் என்று கட்டளை பிறந்தது. விளைவு என்ன? சம ஆசனம் கொடுத்த பாடசாலைகள் சில தீக்கிரையாயின. தரையிலிருந்து ஒரு முழம் உயரமுள்ள பலகையிலே ஏழு வயதுக் குழந்தை அமர்வது, கொட்டிலைக் கொளுத்தும் அளவுக்குச் சிலரது மரியாதையைக் குலைத்துவிட்டது. பிறர் குனிந்து நின்றாலன்றி நிற்க முடியாத பெருமை எத்துணை நலிந்ததாயிருக்கவேண்டும்!

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதி காரணமாகப் பாடசாலையிலோ தேநீர்க்கடையிலோ கோவிலிலோ ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. எனினும் 1968இலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே வழிபட வந்தோர் தடுத்து நிறுத்தப்பட்டனர். தேநீர்க்கடைகளிலே சிரட்டையும் போத்தலும் மறைந்து, எல்லோருக்கும் ஒரே பேணி என்பது சட்டத்தால் மட்டும் வந்ததன்று. கடை வாயிலிலே அடிபட்டவர்களாலும் வந்தது. வாயிலைத் திறப்பிக்கச் சட்டத்தால் முடியும். 'நீ' என்பதை 'நீங்கள்' ஆக்குவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. அச்சொல்லைப் பிள்ளை படிப்பது வீட்டு விறாந்தையிலே. தந்தை வேலியடைக்க வந்தவரை எவ்வாறு அழைக்கின்றார் என்பதைக் கேட்டே படிக்கின்றது.

இன்று சைக்கிளிலிருந்து எவரும் எவருக்காகவும் இறங்குவது அரிது. அதற்காகச் சிலர் வருந்துகின்றனர். வருந்துவதற்கு முன், ஏதேனும் ஒரு கந்தோருக்குச் சென்று அரைமணி நேரம் இருந்து பார்க்கலாம். காரிலே வந்தவருக்கு "வாங்கோ, இருங்கோ" என்னும் உபசாரம் வாயிலிலேயே தொடங்கிவிடும். சாரமுடுத்த முதியவர் ஒருவர், மடித்து மடித்து நைந்துபோன படிவத்தைக் கையிற் பிடித்தபடி மேசையின் முன் வந்து நிற்கின்றார். லிகிதர் எழுதிக்கொண்டேயிருக்கின்றார்; வேலை மிகுதியாயிருக்கலாம். முதியவர் ஒருமுறை மெல்லச் செருமுகின்றார். "நில்லுங்கோ" என்னும் விடை வருகின்றது, தலை நிமிரவில்லை. சொல்லிலே 'கோ' இருக்கின்றது, குறையொன்றும் கூறமுடியாது. மேசைக்கு இப்புறத்தே, முதியவரின் முழங்காலருகே, வெறுங்கதிரை ஒன்று கிடக்கின்றது.