கல்லுக்குப் பெயரிட்டவர் யார்?

(மயிலாப்பூரில் நிகழ்ந்த திங்கட்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழமை என்றவுடன் மயிலையார் தம் கோவிலையும் குளத்தையும் காட்டுவர். அடையாற்றார் ஆலமரத்தைக் காட்டுவர். அதன் அகவை நானூற்றைம்பது என்பர். தியாகராயர் நகரார்க்குக் காட்ட ஒன்றுமில்லை. அவர்தம் நகர்க்கு இப்பொழுதுதான் நூறாண்டு நிரம்பியுள்ளது. ஆனால், இம்மூன்று ஊராரும் மாம்பலத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் அரைமணி நேரத்தில் சென்று காணத்தக்க பழமை ஒன்று உண்டு. அங்குச் சென்றவர்கள் இவ்வவையில் எத்துணைப் பேர்? கை உயர்த்துங்கள். மூவர்! நன்று. மற்றவர்களைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. நானும் அறுபது அகவைக்குப் பின்னரே சென்றேன்.

அவ்வூர் பல்லவபுரம். மக்கள் வாயில் பல்லாவரம்.

சென்ற திங்களில் ஒரு ஞாயிறு, ஒன்பதின்மர் அங்குச் சென்றோம். எங்களுள் நால்வர் கல்லூரி மாணாக்கர். நிலையத்தில் இறங்கிக் குன்றை நோக்கி நடந்தோம். குன்று எனப் பெயரே தவிர, பாதியைக் கல்லுடைப்போர் தின்றுவிட்டனர். மீதியை வீடுகள் மூடியுள்ளன. வழியில் ஓரிடத்தில் துருவேறிய பலகை ஒன்று கண்டோம். அதில் ஆங்கிலச் சொற்கள் தமிழெழுத்தில் எழுதப்பட்டிருந்தன: 'மெகாலிதிக் சிஸ்ட்' என்று! மாணாக்கருள் ஒருவர், "ஐயா, இதற்குத் தமிழில் சொல் இல்லையா?" என்று கேட்டார். அவ்வினாதான் இன்றைய என் உரை.

தோழர்களே! பல்லவபுரத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை முதலில் கூறுகிறேன்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் ஆங்கிலேயர், பல்லவபுரத்துச் செம்புராங்கற் பரல்களைத் தோண்டிய குழி ஒன்றில், மாந்தன் கையால் செதுக்கப்பட்ட கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய நிலப்பரப்பின் பழங்கற்கால ஆய்வு அன்றுதான் தொடங்கிற்று. அவ்வாண்டே அவரும் அவர்தம் உடன்பணியாளர் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். அங்குக் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழப் பதினைந்து நூறாயிரம் ஆண்டுப் பழமையுடையன என 2011இல் ஆய்வு வெளிவந்தது.

இரண்டாவது செய்தி. அதே பல்லவபுரத்துக் குன்றுச் சரிவுகளில் 1880களில் அலெக்சாந்தர் இரீ என்பார் அகழ்ந்தார். சுட்ட மண்ணாற் செய்த நீள்பேழைகள் வெளிப்பட்டன. அவற்றின் அடியில் வரிசை வரிசையாய்க் குறுங்கால்கள். உள்ளே எலும்புகளும் மட்கலங்களும். இவற்றை ஈமப்பேழை என்கிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இத்தகைய பேழைகளை இன்றும் காணலாம்.

மூன்றாவது செய்தி சற்று நகைப்பிற்குரியது, நாணத்திற்கும் உரியது. பல்லவபுரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள கருநீலச் சாயல்கொண்ட கடும்பாறைக்கு அறிவியலுலகில் என்ன பெயர் தெரியுமா? 'சார்னோகைட்டு'. கல்கத்தாவில் ஆங்கிலக் குடியேற்றத்தைத் தொடங்கிய யோபு சார்னாக்கு என்னும் வணிகர் இறந்தபோது, அவர் கல்லறைக்கு நம் பகுதிக் கல்லைக் கொண்டுசென்றனர். இருநூறாண்டு கழித்து, 1893இல், தாமசு ஆலந்து என்னும் நிலவியலார் அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அதில் அடங்கியவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். இன்று அண்டார்க்டிக்காவில் அப்பாறை கிடைத்தாலும் அப்பெயர்தான். நம் குன்றின் கல், தன் அடியில் அடக்கமான நம் முன்னோர் பெயரைப் பெறவில்லை. எங்கோ அடக்கமான வணிகர் பெயரைப் பெற்றது!

நான்காவது செய்தியை இவ்வவைக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. தமிழ் விருப்பப் பாடமாக ஒதுக்கப்பட்டதனால் கல்லூரிப் பணியைத் துறந்த பேரறிஞர் ஒருவர் 1911இல் பல்லவபுரத்தில் குடியேறினார். 1916இல், அவ்வீட்டுத் தோட்டத்தில் தம் மகளார் நீலாம்பிகையாரோடு உலவுங்கால், பிறமொழிச் சொல் விரவாத் தமிழே எழுதுவது, பேசுவது என உறுதிபூண்டார். வேதாசலம் மறைமலையடிகளானார். தனித்தமிழ் இயக்கம் பிறந்தது.

முதற் கருவி, ஈமப்பேழை, அயலார் பெயர் சுமந்த பாறை, தனித்தமிழ் ஆகிய நான்கும் ஒரே ஊரில் அமைந்தன. இனி மாணாக்கர் வினாவிற்கு வருகிறேன்.

இறந்தோர்க்குப் பெருங்கல் நாட்டும் வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில் பரன் என்றொரு நிலப்பகுதி உள்ளது. கண்ணுக்கெட்டிய தொலைவு சாம்பல்நிறச் சுண்ணக்கல் பாளம் பாளமாய்ப் பரந்து கிடக்கும். மழைநீர் அரித்த வெடிப்புகளில் சிறு பூக்கள் மலரும். அதன் நடுவே புல்னபுரோன் என்னும் கல்திட்டை நிற்கிறது. நிற்கும் பலகைக் கற்கள்மேல் ஒரு மூடுகல். ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. 1986இல் அகழ்ந்தபோது முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் எலும்புகள் கிடைத்தன. அதன் பெயரைக் கவனியுங்கள். பரன் என்பதும் புல்னபுரோன் என்பதும் ஐரியமொழிச் சொற்கள். ஆங்கிலம் அம்மொழியை நெருக்கிக் கரையோரத்திற்குத் தள்ளிவிட்டது. ஆயினும், கல் தன் பெயரை இழக்கவில்லை.

இன்னும் ஒன்று. அறிவியலார் வழங்கும் 'டால்மன்', 'மென்கிர்' என்னும் சொற்களை ஆங்கிலம் என்று நம்மவர் நினைக்கின்றனர். அல்ல! அவை பிரான்சு நாட்டின் மேற்கு மூலையில் வாழும் பிரெத்தானியரின் மொழிக்கூறுகளால் ஆனவை. 'மென்' என்றால் கல்; 'கிர்' என்றால் நெடியது. மென்கிர் என்பது நெடுங்கல்! டால்மன் என்பது மேசைக்கல்! கற்குவையைக் குறிக்கும் 'கெய்ர்ன்' என்பது காத்துலாந்தின் கேலிக்குச் சொல். பேரரசுகளால் ஒடுக்கப்பட்ட சிறு மொழிகளிலிருந்தே உலக அறிவியல் இச்சொற்களைக் கடன்கொண்டது. ஏன்? அக்கல்லின் அருகில் வாழ்ந்தவன் அதைத் தன் மொழியில் அழைத்தான், கேட்டவர் எழுதிக்கொண்டனர். நாமோ நம் காட்டில் நிற்கும் கல்லைப் பிரெத்தானியச் சொல்லால் அழைத்து, அதையும் ஆங்கிலம் என்று மயங்கி நிற்கிறோம்.

நம்மிடம் சொல் இல்லையா? கழக இலக்கியத்தில் பதுக்கை உண்டு, நடுகல் உண்டு, தாழி உண்டு. கணவனை வழியிடையே இழந்த பெண்ணொருத்தி, தாழி வனையும் வேட்கோவனை நோக்கி, எனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனைவாயாக என வேண்டுவதைப் புறநானூற்றில் கற்றுக் கண்ணீர் உகுத்திருப்பீர்கள். சுடுதல், வெளியில் இடுதல், குழிதோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தல், தாழியிற் கவித்தல் எனச் சாவுக்கடன் ஐவகையையும் மணிமேகலை ஓரிடத்திலேயே அடுக்கிக் கூறுகிறது. ஊர்மக்களோ இன்றும் குரக்குப்பட்டடை, வாலியர் வீடு, பாண்டவர் குழி எனப் பலவாறு வழங்குகின்றனர். மாண்டவர் குழி என்பதே பாண்டவர் குழி எனத் திரிந்தது என்பாரும் உளர். வடநாட்டுக் கதைமாந்தர் வந்தனர். மாண்ட நம் முன்னோர் தம் குழியிலிருந்தே வெளியேற்றப்பட்டனர்!

எனவே, தொல்லியலறிஞர் ஆக்கித் தந்துள்ள சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். நிற்கும் பலகைகள்மேல் மூடுகல் வைத்தது கல்திட்டை. நிலத்துக்குள் பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்தது கற்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்களை வளையமாக இட்டது கல்வட்டம். உள்ளே கற்களைக் குவித்தது கற்குவை. தனித்து நிற்பது நெடுங்கல். இவற்றுள் எது விளங்கவில்லை? பலகை எழுதியவர்க்கு இவை எட்டவில்லை என்றால், குற்றம் தமிழின்மேல் இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். நம்முள் சிலர், பதினைந்து நூறாயிரம் ஆண்டுக் கைக்கோடரியைத் தூக்கிக்காட்டி, இதைச் செய்தவன் தமிழன் என முழங்குகின்றனர். வேண்டா! இன்றைய மாந்தவினமே தோன்றாத காலம் அது. அவன் பேசினானா என்பதற்கே சான்றில்லை. பொய்யுரையால் தமிழுக்கு ஏற்றம் வராது. பகைவர் நகைக்க இடம் கொடுப்போம். மெய்யான சான்றுகளே நமக்கு வேண்டுமளவு உள்ளன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. தொல்காப்பியம் கூறும் 'ஆகோள்' என்னும் சொல்லே அவற்றுள் ஒன்றில் உள்ளது. ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கு நாட்டிய கல், அதில் தமிழ்ச்சொல். பொருந்தலில் ஈமக்குழியில் வைத்த மட்கலத்தாங்கியில் தமிழி எழுத்து. உடன் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கண்டனர். சிவகளை ஈமத்தாழிப் பகுதியில் கிடைத்த கூறுகளைக் கொண்டு, தமிழ்நிலத்து இரும்பின் பழமை கி.மு. 3345 வரை செல்லும் எனத் தமிழ்நாட்டரசு 2025 சனவரி 23இல் அறிக்கை வெளியிட்டது. அறிஞருலகம் அதை ஆராயட்டும். ஆராய்ச்சிக்கு அஞ்சுவோர் நாமல்லோம்.

மற்றோர் ஞாயிறு செங்கற்பட்டைக் கடந்து சானூர்க்குச் சென்றோம். 1950இலும் 1952இலும் அகழப்பட்ட ஊர் அது. ஈமப்பேழைகளும், கருப்புச் சிவப்பு மட்கலங்களும், இரும்புக் கருவிகளும் கிடைத்தன. அங்கே குன்றும் புதர்க்காடும் வயலும் சூழக் கல்வட்டங்கள் இன்னும் கிடக்கின்றன. ஒரு வட்டத்தின் நடுவில் நின்று, மாணாக்கர் அதன் கற்களுள் ஒன்றை அசைக்க முயன்றனர். நால்வர் தள்ளியும் அது அசையவில்லை. இவற்றைக் கொணர்ந்து வைக்க ஓரூரே திரண்டிருக்கவேண்டும். ஒருவர் சாவுக்கு ஊரே தோள்கொடுத்த வாழ்வு அது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் எங்களைப் பார்த்து, "மிதிக்காதீங்க சாமி, பெரியவங்க படுத்திருக்காங்க" என்றார். எப்பலகையும் கற்பிக்காத வரலாறு அவர்க்குத் தெரிந்திருந்தது.

பல்லவபுரத்தில் எங்களை எதிர்கொண்டது வேறொரு குரல். அளவுநாடாவுடன் எங்களைக் கண்ட தாயொருவர் கதவருகில் ஓடிவந்து, "ஐயா, இடிக்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். காக்கப்பட்ட இடத்தைச் சுற்றி நூறு மீட்டர்க்குள் கட்டடம் எழுப்பலாகாது, அதற்கப்பால் இருநூறு மீட்டர்க்கு இசைவு பெறவேண்டும் என 2010இல் திருத்தப்பட்ட நடுவணரசுச் சட்டம் கூறுகிறது. நோக்கம் நல்லதே. ஆனால், உண்மையில் எவ்விடத்தில் எத்தனை ஈமக்குழிகள் எஞ்சியுள்ளன என வரைந்து காட்டாமல், சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு கட்டியவர் தலையில் மட்டும் சட்டம் இறங்கினால், அவர்க்கு முன்னோர்மேல் பற்று வருமா? வெறுப்பே வரும். அவ்வெறுப்பில் இரவோடிரவாக ஒரு தாழி உடைந்தால், யாரைக் குற்றங்கூறுவது? குன்றையே வெடிவைத்துத் தகர்த்தபோது இவ்வளவு கண்டிப்பு இருந்ததா?

அத்தாயிடம் நான் கூறியது இதுதான்: "அம்மா, உங்கள் வீட்டை இடிக்க வரவில்லை. உங்கள் வீட்டடியில் உள்ளவர் உங்கள் பாட்டனுக்குப் பாட்டன். அவரைத் தெரிந்துகொள்ள வந்தோம்." அவர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். இருப்பினும் அவர் அச்சம் முழுதும் நீங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. அதை நீக்குவது வெறும் சொல்லால் இயலாது.

ஆகவே, தோழர்களே, மூன்று வேண்டுகைகளை இவ்வவையின்முன் வைக்கிறேன். ஒன்று: எஞ்சிய ஈமக்களங்களை முறையாக அளந்து வரைபடம் வெளியிடவேண்டும், திறந்த நிலத்தை அரசு கைக்கொண்டு காக்கவேண்டும், குடியிருப்போர்க்கு எது கூடும், எது கூடாது என்பதைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுக்கவேண்டும், நிலம் இழப்போர்க்கு நேரிய ஈடு தரவேண்டும். இரண்டு: சானூர் போன்ற சிற்றூர்களில் வீடுகள் சூழுமுன்னரே கல்வட்டங்களை உள்ளடக்கிய பொதுப்பூங்கா அமையவேண்டும், ஆடு மேய்க்கும் அம்முதியோரே அதன் காவலராகவேண்டும். மூன்று: அங்கு எழும் ஒவ்வொரு பலகையிலும் நல்ல தமிழ்ப்பெயர் முதலில் நிற்கவேண்டும்.

முதலிரண்டும் அரசின் கையில். நாம் கேட்போம்; கேட்டுக்கொண்டே இருப்போம். மூன்றாவது நம் நாவில் உள்ளது. அதற்கு ஆணை வேண்டா. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாம்பலம் நிலையத்தில் நிற்பேன். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அடிகளார் உடம்பைத் தமிழால் அழைக்கக் கற்பித்த ஊரில், அவ்வுடம்பை இட்ட பேழையையும் தமிழால் அழைக்கப் பிள்ளைகள் கற்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!