ஊர்காவற்றுறையின் வெறும் கதிரை
(சரவணையில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காலையில் தேநீர் குடிக்கும்போது இந்த ஊர் ஐயா ஒருவர் எங்களிடம் கேட்டார்: "ஆருக்குப் போட்டாலும் ஒண்டுதான் பிள்ளையள், பிறகேன் போடுவான்?" எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்திலும் இதே கேள்விதான். "யாரு வந்தா என்ன, கூடை எறங்கவா போகுது?" என்பார்கள். மலைக்கும் தீவுக்கும் பேச்சு வேறு, சலிப்பு ஒன்று. அந்த ஐயாவுக்கு அப்போதே பதில் சொல்லவில்லை. தேநீர் ஆறிவிடும் அளவுக்கு நீளமான பதில் அது.

1931ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். இந்த நாட்டில் ஆணும் பெண்ணும் சமமாக வாக்களித்த முதல் தேர்தல் அது. டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. அவர்கள் சுயநலக்காரர் அல்லர். சாதிப் பாகுபாட்டை எதிர்த்தவர்கள், முழு விடுதலை கேட்டவர்கள். தெற்கும் கூட வரும் என்று நம்பினார்கள், தெற்கு வரவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் வெறுமையாகக் கிடந்தன. நான்காவது, நீங்கள் இருக்கிற தொகுதி. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அரசாங்க சபையில் ஊர்காவற்றுறையின் கதிரையில் யாரும் இல்லை. அதே 1931இல் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகித் தொழில் அமைச்சரானார்.

எங்கள் கதை மறுபக்கம். 1947இல் எங்கள் பூட்டன் பூட்டிமார் வாக்களித்துத் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போனது. எங்களில் பலருடைய பாட்டிமார் வாக்குச்சீட்டைக் கையில் தொடாமலே கிழவிகளானார்கள். சிலருக்கு 1988இலும், மிச்சப்பேருக்கு 2003இலும்தான் சட்டம் குடியுரிமை கொடுத்தது. ஆகவே 'வாக்கு வீண்' என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி 2005. நவம்பர் 17ஆம் திகதி. யாழ் மாவட்டத்தில் பதிவான வாக்காளர் 7 இலட்சத்துக்கு மேல், வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அது எல்லோருடைய சொந்தத் தெரிவும் அல்ல. யார் வீட்டில் இருக்கச் சொன்னார்கள் என்பதும், மீறிப் போவதற்கு எவ்வளவு பயம் இருந்தது என்பதும் உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நுவரெலியா மாவட்டம் அன்று ரணிலுக்கு நூற்றுக்கு 70க்கு மேல் போட்டது. நாடு முழுவதிலும் மகிந்த வென்ற வித்தியாசம் 180,786. ரணில் வந்திருந்தால் போர் மூண்டிருக்காது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதை யாரால் சொல்ல முடியும்? வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று சொல்லக்கூடிய நிலையில் ஒரு மாவட்டம் இருந்தது, அன்று அது வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் சொல்கிறோம்.

தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2016இல் நாள் சம்பளம் 1000 ரூபா கேட்டோம். கையெழுத்தானது எல்லாம் சேர்த்து 730, அதிலும் அடிப்படை 500தான். அந்தக் கையெழுத்தை எங்களில் பலர் ஏசினோம், இன்றைக்கும் ஏசுவோம். ஆனால் 730 வாங்கினதால் 1000 கேட்பதை யாரும் விடவில்லை. அடுத்த நாளே திரும்பத் தொடங்கினோம். வாக்கையும் நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம். அது தாலி கட்டுவது அல்ல, ஆள் முழுக்கப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்கு. இந்த ஆளோடு சண்டை பிடிக்க முடியுமா, பிடித்தால் அடிதான் விழுமா, இல்லை பேச்சு வார்த்தைக்கு வருவாரா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

2015இல் மலையகத்தின் பெரிய தொழிற்சங்கத் தலைமை மகிந்தவுக்குப் போடச் சொன்னது. நுவரெலியா மாவட்டம் கேட்கவில்லை, மைத்திரிக்குப் போட்டது. யாழ்ப்பாணமும் அவருக்கே போட்டது. மைத்திரி யாருக்கும் கனவு வேட்பாளர் அல்ல. பிறகு என்ன கிடைத்தது? பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இங்கே 2017இல் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பியது. கிடைக்காததைச் சொன்னால் பொழுது போய்விடும்: லயம் அப்படியே இருக்கிறது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் தெருவில் இருக்கிறார்கள்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 2 இலட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. எங்கள் பக்கத்திலும் திலகராஜா நின்றார். அப்படிப் போட்டவர்களோடு எங்களுக்குச் சண்டையில்லை. ஒரே ஒரு குறை உண்டு. 1 என்று மனதுக்குப் பிடித்தவருக்குப் போட்டுவிட்டு, வெல்லக்கூடியவர்களில் தாங்கக்கூடியவருக்கு 2 போடலாம், 3 போடலாம். எவரும் பாதியைத் தாண்டாததால் நாட்டின் வரலாற்றிலேயே முதற்தடவையாக அந்த வருடந்தான் இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. எங்கள் தோட்டத்தில் அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற எங்களுக்கு அது வெட்கம்தான்.

உங்கள் மாகாணத்துக்கும் எங்கள் மாகாணத்துக்கும் கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது ஒரே நாளில், 2013 செப்டெம்பர் 21இல். அடுத்தது எப்போது வந்தாலும் இரண்டு வேலை இருக்கிறது. கொழும்புக் கடைகளில் நிற்கிற பிள்ளைகளின் பெயர் ஊர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் நாளில் சம்பளம் வெட்டாமல் விடுப்புக் கேட்பது அவர்களின் சட்ட உரிமை என்றும் எழுதி அனுப்புங்கள்.

அந்த ஐயா பின்வரிசையில் இருக்கிறார். கையை உயர்த்துகிறார். கேளுங்கள் ஐயா.