வேலை போன வீடும் கல்லூரிக் கட்டணமும்

1960களில் திருச்சியை அடுத்த திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலை வந்த பிறகு, அதற்குக் கொதிகலன் பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகள் துவாக்குடி, மாத்தூர் வட்டாரத்தில் வரிசையாக முளைத்தன. வெல்டர், ஃபிட்டர், கிரேன் ஓட்டுபவர் என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்தப் பட்டறைகளால்தான் அடுப்பு எரிந்தது. அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் சுருங்கியபோது முதலில் கதவைச் சாத்தியவையும் அவைதான். ஊருக்குள் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டியவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதுவே. எந்திரத்தில் வெட்டிய கல் மலிவாக வந்து இறங்கியதும் சக்கரத்தை ஓரம் கட்டிவிட்டார்கள்.

இப்படி வேலை போன ஒரு வீட்டில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு என்ன வழி? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் வீடுகளில் முதலில் கை போவது அம்மாவின் வளையலுக்கு. அப்துல் கலாம் நம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் போனபோது, அக்கா ஜோஹரா தன் நகையை அடகு வைத்துக் கட்டணத்துக்குக் கொடுத்தார். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இல்லை, இன்றைக்கு இருக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு, நகையைக் கடைசியாகத் தொடுங்கள் என்பேன்.

கேட்பதில் ஒரு பெரிய தடை, நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் பழைய கணக்கு. அப்பா மாதம் முப்பதாயிரம் சம்பாதித்தார் என்றால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான அரசு உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவிக்கும் அதே வரம்புதான். ஆகவே முதல் ஆண்டில் அந்தப் பிள்ளை விண்ணப்பிக்கவே இல்லை. ‘நமக்குக் கிடைக்காது’ என்று அன்றைக்கு முடிவு செய்தது மனதில் அப்படியே நின்றுவிடுகிறது. வேலை போன நாளிலிருந்து வருமானம் வேறு. அந்த வரம்புக்குள் குடும்பம் வந்திருக்கலாம். அதைக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் முதல் வேலை.

பட்டறையில் கணக்குத் தீர்த்த கடிதம், பி.எஃப். பணம் எந்த மாதத்தோடு நின்றது என்பதைக் காட்டும் பட்டியல், சம்பளம் வரவு நின்றுபோன வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் புதிய வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலரிடம், வேலை போன தேதியைத் தயங்காமல் சொல்லுங்கள். ஸ்ரீரங்கத்து வீதிகளில் இந்த இடத்தில்தான் பல பேருக்கு நாக்கு எழாது. அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று, தாலுகா அலுவலகத்துக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிள்ளையின் படிப்பை அதற்குப் பலி கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவில் கல்லூரி உதவிக்கான அரசு விண்ணப்பம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் பெற்றோருக்கு வேலை போய்விட்டால், சான்றுகளைச் சரிபார்த்து அந்தக் கணக்கை மாற்றிப் போடும் அதிகாரத்தைக் கல்லூரியின் உதவி அலுவலருக்குச் சட்டமே தந்திருக்கிறது. நம் கல்லூரிகளிலும் இப்படி ஒரு விதி எழுத்தில் இருந்தாக வேண்டும். இப்போது எல்லாம் முதல்வரின் மனதைப் பொறுத்தே நடக்கிறது. நல்ல மனம் படைத்த முதல்வர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு என்பது உண்மை. இருந்தாலும், உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக் கருணையாகக் கேட்க வைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

துவாக்குடிப் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே என்.ஐ.டி. இருக்கிறது. அங்கே பி.டெக். படிக்கும் பிள்ளையின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் பயிற்சிக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. நடுவழியில் வருமானம் சரிந்தவர்கள் புதிய சான்றிதழோடு கல்லூரி அலுவலகத்தை அணுகிப் பாருங்கள்.

அப்பாவின் சம்பளத்தைப் பார்க்காத உதவிகளும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், பையனுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம். இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய். இதுவரை வாங்கவில்லை என்றால் இன்றே கல்லூரியில் விசாரியுங்கள்.

கல்விக் கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தருவதற்கு அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. ‘அப்பாவுக்கு வேலை இல்லையே’ என்று கிளையில் வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கிளை மேலாளர் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்கு மேல் ஓர் ஆண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. எந்தக் கல்லூரிகளுக்குப் பொருந்தும் என்று வங்கியில் கேளுங்கள்.

அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் இதையும் கேட்டுப் பாருங்கள். வேலை இழந்த தொழிலாளருக்கு உதவும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் 2018இல் வந்தது. சராசரி ஊதியத்தில் கால் பங்காக இருந்த தொகையை 2020இல் பாதியாக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். இப்போதைய நிபந்தனைகளை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஒரு செமஸ்டர் கட்டணத்தின் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடக்கூடும்.

கல்லூரிக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வேலை போன தேதி, இப்போதைய வருமானம், கட்ட வேண்டிய தொகை, அதில் எவ்வளவு இப்போது கட்ட முடியும் என்று எழுதுங்கள். தள்ளுபடியா, தவணையா, கால நீட்டிப்பா, எது வேண்டும் என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள். கடைசித் தேதிக்கு முன்பே துறைத் தலைவர் கையெழுத்தோடு முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.